புழு சொன்ன சாட்சி

என் அக்கா புருஷனை ஊரில் பாதிப் பேர் பண்டிதர் என்பார்கள், மீதிப் பேர் பசை என்பார்கள். முதலில் வந்த பெயர் பசைதான். இறையியல் கல்லூரியில் நாற்பத்து மூன்று வருஷம் பைண்டராக இருந்தவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? எத்தனை தடவை கை கழுவிவிட்டு வந்தாலும் மாவுப் பசை வாசம் அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். பண்டிதர் என்ற பெயர் எப்படி வந்தது என்பதைத்தான் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். ஒரு மகானுபாவன், அவருக்குக் கிரேக்க மொழி கனவில் அருளப்பட்டது என்று பத்திரிகையில் எழுதியே விட்டான். கனவும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. கூடவே இருந்து பார்த்தவன் நான். அடுத்த தெருவில் இருந்த பிரஸ்ஸில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் வேலை எனக்கு. பத்திரிகைக்காரனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்.

அத்தான் ஒரு தச்சரின் மகன். இதில் யாரும் உவமை தேட வேண்டாம். அந்தத் தச்சர் நிஜமாகவே தச்சர், கல்லூரிக்குக் கதவு ஜன்னல் செய்தவர். பையன் கை நிதானமாக இருக்கிறது என்று பார்த்து, பதினாலு வயதில் பைண்டிங் அறையில் சேர்த்துவிட்டார். நூலகத்துக்குப் பின்னால் நீளமான அறை. வடக்கே பெரிய ஜன்னல், அதன் கீழே கல் மேஜை, ஓரமாகத் தையல் சட்டம், இரும்பில் இரண்டு அழுத்துப் பொறிகள், சின்ன நெருப்பில் எப்போதும் ஒரு பசைச் சட்டி. அறையைத் தாண்டினால் பைண்டர் குடும்பத்துக்கென்று இரண்டு ரூம். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பழைய பைண்டர் இறந்ததும் வேலை அத்தானுக்கு வந்தது, ரூம்களும் வந்தன. வேலை இருக்கிற வரைக்கும் வீடு இருக்கும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரேக்கம் வந்த கதை இதுதான். பிரஸ்ஸில் மை அப்பிக் கெட்டுப்போகும் ஃபாரங்களை, அதாவது பதினாறு பக்கம் சேர்ந்த அச்சுத் தாள்களை, பைண்டிங் அறைக்கு அனுப்பிவிடுவோம். புத்தகத்தின் முதுகில் ஒட்ட அந்தத் தாள் உதவும். அப்படி ஒருநாள் கிரேக்க இலக்கணம் ஒன்றின் ஃபாரம் வந்தது, அறுபத்தைந்தாம் பக்கத்திலிருந்து எண்பது வரை. அத்தானுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கிழித்து ஒட்டுவதற்கு முன்னால் வாசித்துப் பார்த்தார். அப்புறம் கிழிக்க மனசு வரவில்லை. ஊர் உலகத்தில் எல்லாரும் ஒரு மொழியை முதல் பக்கத்திலிருந்து கற்பார்கள், இவர் அறுபத்தைந்தாம் பக்கத்திலிருந்து கற்றார். அதிலும் எழுபத்து மூன்றும் எழுபத்து நான்கும் இருந்த தாளைக் காணோம். வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பே அதை எந்தப் புத்தகத்தின் முதுகிலோ ஒட்டிவிட்டிருந்தார். பிற்பாடு முழுப் புத்தகமே கைக்கு வந்தது, அந்தப் பக்கங்களையும் படித்தார். ஆனால் அக்கா விடவில்லை. அவர் எதை மறந்தாலும், "அது எழுபத்து மூணாம் பக்கத்துல இருந்திருக்கும்" என்பாள். சந்தையில் சாமான் வாங்க மறந்தாலும் எழுபத்து மூன்றுதான், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டாலும் எழுபத்து மூன்றுதான்.

தைக்க வரும் புத்தகம் எதுவோ அதுதான் அவருக்குப் பாடம். எபிரேயம் அப்படித்தான் வந்தது. பொறியில் ஒரு புத்தகம் அழுந்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அடுத்ததில் இரண்டு பக்கம். பதினெட்டு வருஷம் இப்படி. பழைய ஏற்பாட்டில் ஒரு தீர்க்கதரிசியின் புத்தகம் மேல் அவருக்குத் தனிப் பித்து. அதில் எந்தச் சொல் எங்கே, எத்தனை முறை வருகிறது என்று கெட்டுப்போன தாள்களின் பின்பக்கத்தில் எழுதியெழுதி நாலு பெட்டி நிரப்பிவிட்டார். பெட்டிகள் கட்டிலுக்கு அடியில். "மனுஷன் மேல படுக்கிறாரா, தீர்க்கதரிசி மேல படுக்கிறாரான்னே தெரியல" என்று அக்கா முணுமுணுப்பாள். ஆனால் அந்தப் பெட்டிகளில் ஒரு தாள் ஈரமாக அவள் விட்டதில்லை.

இப்போது முதல்வர். கல்லூரித் தலைவர். மெலிந்த உடம்பு, கனத்த மண்டை. பொய் சொல்லக் கூடாது, நிஜமாகவே படித்தவர். கல்லூரியில் ஒரு பழைய கையெழுத்துப் பிரதி இருந்தது. அதே தீர்க்கதரிசியின் புத்தகம், கிரேக்கத்தில், தோல் ஏடுகளில் எழுதியது. மற்ற எல்லாப் பிரதிகளிலும் தீர்க்கதரிசி முதலில் கண்டிப்பார், பிறகு ஆறுதல் சொல்வார். இந்தப் பிரதியில் மட்டும் ஓரிடத்தில் ஆறுதல் முன்னால், கண்டிப்பு பின்னால். இதுதான் ஆதி வரிசை, மற்றவர்கள்தான் பிற்காலத்தில் மாற்றிவிட்டார்கள் என்று முதல்வர் எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினார். கடல் கடந்தும் பேர் வந்தது. அந்தப் புத்தகத்தை பைண்ட் செய்ததும் அத்தான்தான்.

தைக்கும்போதே அவருக்கு உறுத்தியது. "யாராவது பிள்ளையை முதல்ல அணைச்சுட்டு அப்புறமா திட்டுவாங்களா மச்சான்?" என்று என்னைக் கேட்டார். நான் பிள்ளைகளைத் திட்டுவதோடு சரி என்றேன். அவர் சிரிக்காமல் போய்ப் பன்னிரண்டு பக்கத்தில் தன் சந்தேகங்களை எழுதி முதல்வருக்கு அனுப்பினார். பதில் ஒரே வரியில் வந்தது: "ஒட்டுவது உன் வேலை, ஓதுவது எங்கள் வேலை." அந்தச் சீட்டை அத்தான் பத்திரமாக வைத்திருந்தார். நானாக இருந்தால் பசைச் சட்டிக்குக் கீழே போட்டிருப்பேன்.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து மூன்றில் எங்கள் மொழியில் வேதாகமத்தைப் புதிதாக மொழிபெயர்க்க ஒன்பது பேர் கொண்ட குழு உட்கார்ந்தது. தலைவர் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி, முதல்வரும் அதில் ஒருவர். முதல்வர் சொன்ன வரிசையையே எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்த அதிகாரங்களுக்கு எழுத்துக் கோத்தவன் நான். அச்சேறப் பத்து நாள் இருக்கும்போது, விழாவில் வைப்பதற்கு அந்தத் தோல் பிரதிக்குப் புது அட்டை போட வேண்டும் என்று முதல்வரே அதைப் பைண்டிங் அறைக்கு அனுப்பினார். இருபது வருஷமாக அவருடைய கண்ணாடி அலமாரியை விட்டு வெளியே வராத புத்தகம் அது.

அன்று காலை நான் ஃபாரம் கொடுக்கப் போயிருந்தேன். அத்தான் பழைய அட்டையைக் கழற்றி, முதுகில் ஈரத்துணி வைத்து ஊறவிட்டு, ஒட்டியிருந்த தாளை எலும்புத் தகட்டால் மெல்ல உரித்தார். உரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மச்சான், இதைக் கொஞ்சம் படி."

பார்த்தேன். கிரேக்க இலக்கணம். மூலையில் பக்க எண் எழுபத்து மூன்று.

அக்காவைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள் பார்த்துவிட்டுக் கைதட்டிச் சிரித்தாள். "கிடைச்சிருச்சா! இருபத்து ரெண்டு வருஷமா இங்கதான் ஒளிஞ்சிருந்ததா!"

அத்தான் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பினார். எப்போது கட்டியது என்று பைண்டர்கள் முதுகுத் தாளுக்கு அடியில் பென்சிலால் குறித்துவைப்பார்கள். அதிலும் ஒரு தேதி இருந்தது, அவர் கையெழுத்தில். அக்கா தேதியைப் படித்தாள். முகம் சிவந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு அப்போது விளங்கவில்லை.

"இதைத் தைச்சது நான்தான்" என்றார் அத்தான். "ஏதோ பழைய வீட்டிலிருந்து பெட்டியில வந்தது. அட்டையில்லாம, உதிரி உதிரியா. அப்போ எனக்கு ஒரு எழுத்து தெரியாது."

சொல்லிக்கொண்டே நடுவில் இருந்த ஒரு ஏட்டுக் கட்டை விரித்தார். நாலு தோல்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் எட்டு ஏடு. தோலுக்கு இரண்டு பக்கம் உண்டு. மயிர் இருந்த பக்கம் கொஞ்சம் மஞ்சள், விரலுக்குச் சொரசொரப்பு. உட்பக்கம் வெள்ளை, வழவழப்பு. பழையகாலத்து எழுத்தர்கள் விரித்தால் மஞ்சளுக்கு எதிரே மஞ்சள், வெள்ளைக்கு எதிரே வெள்ளை வருகிற மாதிரிதான் அடுக்குவார்கள். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் போனார். மூன்றாம் ஏட்டில் விரல் நின்றது. மஞ்சளுக்கு எதிரே வெள்ளை.

நடுத்தோலை அவர் உள்புறம் வெளியாகத் திருப்பி மடித்துத் தைத்திருக்கிறார். ஐந்தாம் ஏடு நான்காம் ஏட்டுக்கு முன்னால் வந்துவிட்டது. ஆறுதல் முன்னால், கண்டிப்பு பின்னால். முதல்வர் எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் நிறுவிய ஆதி வரிசை, என் அத்தான் இருபத்து மூன்று வயதில் செய்த கைத்தவறு.

நான் வாசல் கதவைச் சாத்தினேன். "அத்தான், பேசாம பழைய பைண்டர் தலையில போட்டுடுங்க. அவர் எழுந்து வந்து இல்லைன்னு சொல்லப் போறாரா?"

"அவர் மடிச்சது ஒண்ணுகூடத் தப்பா இருக்காது மச்சான்."

"அப்படின்னா திருப்பித் தைச்சு அனுப்பிடுங்க. யாருக்குத் தெரியும்?"

"புத்தகம் அச்சாகுதே. நீதானே எழுத்துக் கோத்திருக்கே? எத்தனை பேர் படிக்கப் போறாங்க?"

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "போய்ச் சொல்லிட்டு வாங்க. இந்த ரெண்டு ரூம் போனா வேற ரெண்டு ரூம். ஊரெல்லாம் தப்பா படிச்சிட்டு இருந்தா, கட்டிலுக்கு அடியில அந்த நாலு பெட்டி எதுக்கு?"

அச்சுக்கு முன் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் எழுதலாம், எழுதியவர் நேரில் வந்து நிரூபிக்க வேண்டும் என்று நீதிபதி அறிவித்திருந்தார். அத்தான் ஐந்து வரியில் எழுதினார். வியாழக்கிழமை பிற்பகல் கூப்பிட்டார்கள். புரூஃப் தூக்கிக்கொண்டு போகும் சாக்கில் நானும் உள்ளே நுழைந்துகொண்டேன்.

பச்சைத் துணி விரித்த நீள மேஜை, ஒன்பது நாற்காலி. அத்தான் ஒரு கையில் பிரதி, ஒரு கையில் ஊசி நூல் டப்பாவோடு நின்றார். இருந்ததில் நல்ல சட்டையைத்தான் போட்டிருந்தார், அதிலும் பசை.

"பசை, உனக்கு இங்க என்ன வேலை?" என்றார் முதல்வர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஆட்சேபம் சொல்ற வேலை" என்றார் நீதிபதி. "நீங்க உட்காருங்க."

"நிக்கிறேங்க. நின்னாத்தான் எனக்குக் கை ஓடும்."

சுற்றி வளைக்காமல் சொன்னார். இருபத்து இரண்டு வருஷத்துக்கு முன் இதைத் தைத்த பைண்டர் நடுத்தோலைத் திருப்பி மடித்துவிட்டார். அதனால்தான் வரிசை மாறியது.

"எந்த பைண்டர்?" முதல்வர் குரல் உயர்ந்தது. "யார் அவன்?"

"நான்தாங்க."

சிரித்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதைச் சொன்னா உங்க வேலை போகலாம், தெரியுமில்ல?"

"தெரியுங்க. வீடும் போகும்."

"தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?"

"ஏடு சரியா இருக்கணும்ங்க."

முதல்வர் லேசுப்பட்டவர் இல்லை. ஏடு இடம் மாறியிருந்தால் வாக்கியம் நடுவில் அறுந்திருக்க வேண்டுமே, ஓரிடத்திலும் அறவில்லையே என்றார். நல்ல கேள்வி. எனக்கே பக்கென்றது. அத்தான் மட்டும், காத்திருந்தவர் போல, அந்த எழுத்தர் ஒவ்வொரு ஏட்டையும் முழு வசனத்தோடு முடிக்கும் பழக்கம் உள்ளவர் என்றார். முதல் ஏடு இன்ன சொல்லில் முடிகிறது, இரண்டாம் ஏடு இன்ன சொல்லில் முடிகிறது என்று கிரேக்கத்திலேயே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். புத்தகத்தைத் திறக்கவேயில்லை. முதல்வர் நம்பாமல் நடுவில் ஒரு வரியை எடுத்துவிட்டார். அத்தான் அடுத்த வரியைச் சொன்னார். முதல்வர் இன்னொன்று. அத்தான் அதற்கடுத்தது. பிறகு முதல்வர் சொன்ன மூன்றாவது வரியில் ஒரு சொல் பிசகியதை, "அது வேற இடத்துல வருதுங்க, இங்க இல்ல" என்று மெதுவாகத் திருத்தினார். ஒருவர் ஓடிப்போய் அச்சுப் பிரதியை எடுத்துப் பார்த்தார். பைண்டர் சொன்னதுதான் சரி. நாலு பெட்டியும் அன்று அத்தான் வாயிலிருந்து வந்தன. எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. புரூஃபைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாம் சரி" என்றார் நீதிபதி. "ரெண்டு பேரும் படிச்சவங்க, ரெண்டு பேரும் பேசறீங்க. எந்தப் பக்கமும் சேராத சாட்சி ஏதாவது இருக்கா?"

"இருக்குங்க. ஒரு புழு."

அந்த ஏட்டுக் கட்டை நூல் அறுத்து எடுத்து மேஜையில் வைத்து, ஏடுகளின் ஓரத்தில் இருந்த சின்ன ஓட்டைகளைக் காட்டினார். தான் தைப்பதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் ஒரு புழு இதைத் தின்றிருக்கிறது, புழு போகும் பாதை சாய்வாக இருந்தாலும் நேர்கோடு, தாண்டிக் குதிக்காது என்றார். ஊசியில் நூல் கோத்து நீதிபதியிடமே கொடுத்தார். "இப்போ இருக்கிற மாதிரியே வச்சு நீங்களே விட்டுப் பாருங்க."

நீதிபதி ஊசியை விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் தோலில் முட்டிக்கொண்டு நின்றது. சாய்த்தார், திருப்பினார். போகவில்லை.

அத்தான் நடுத்தோலை உருவி, எல்லார் கண்ணுக்கும் முன்னால் பழையபடி உள்புறமாக மடித்து வைத்தார். "இப்போ விடுங்க."

ஊசி எட்டு ஏட்டையும் கடந்து அந்தப் பக்கம் வந்து நின்றது. நூல் வழுக்கிக்கொண்டு பின்னால் போயிற்று. நீதிபதி ஒரு நிமிஷம் நூலை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தார், சின்னப் பிள்ளை மாதிரி.

"இந்தச் சாட்சிக்குக் கிரேக்கமும் தெரியாது, கல்லூரியும் தெரியாது" என்றார். "வரிசையை மாத்தணும்னு நினைக்கிறவங்க கை தூக்கலாம்."

எட்டுக் கைகள் எழுந்தன. முதல்வர் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வெளியே போனார். நீதிபதி தன் கையாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் பத்தாவதாகப் போட்டு, "இப்பவாவது உட்காருங்க பண்டிதரே" என்றார். அந்தப் பெயர் பிறந்த இடம் அதுதான். அன்று சாயங்காலம் நான் கோத்த பக்கங்களையெல்லாம் பிரித்துப் போட்டேன். என் தொழிலில் சந்தோஷமாகப் பிரித்த எழுத்து அது ஒன்றுதான்.

ஆனால் பைண்டர் வேலை குழுவின் கையில் இல்லை, முதல்வர் கையில் இருந்தது. நாலு நாள் அவரிடமிருந்து சத்தமே இல்லை. அக்கா பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டாள். பெட்டிகள் கட்டிலுக்கு அடியிலிருந்து வாசலுக்கு வந்தன. பண்டிதர் பட்டம் தலைக்கு மேல் கூரையாகுமா? அத்தான் மட்டும் எதுவும் நடக்காதது போல அந்தத் தோல் பிரதியைச் சரியான வரிசையில் தைத்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டுப் போவதற்குள் அதை முடிக்க வேண்டுமாம்.

ஐந்தாம் நாள் காலை முதல்வர் வந்தார். தனியாக, கக்கத்தில் ஒரு தடித்த புத்தகத்தோடு. மூட்டைகளைப் பார்த்தார்.

"இதெல்லாம் ஏன் கட்டி வச்சிருக்கீங்க?"

இருபது வருஷத்தில் அவர் அத்தானிடம் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அவிழ்த்து வைங்க" என்றார். "வேலை இருக்கு." புத்தகத்தைக் கல் மேஜையில் வைத்தார். அவருடைய எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கம். "பிரிச்சு, ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே ஒரு வெள்ளைத் தாள் வச்சுக் கட்டிக் கொடுங்க. திருத்தி எழுதணும். எங்கெங்க தப்புன்னு நீங்க சொல்லணும். வாரத்துக்கு ரெண்டு நாள் வரேன். தொந்தரவு இல்லையே?"

அத்தான் முக்காலியைத் துடைத்துப் போட்டார். முதல்வர் உட்கார்ந்தார், பசைச் சட்டிக்குப் பக்கத்தில்.

"ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல. இவ்வளவு நிதானமான ஆளு, அன்னிக்கு எப்படித் தோலைத் திருப்பி மடிச்சீங்க?"

அத்தான் எலும்புத் தகட்டைத் தேடுவது போல மேஜையெல்லாம் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த அக்காதான் தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அந்தத் தேதிக்கு முதல் நாள்தாங்க எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு. அன்னிக்குத் தைச்சிட்டு இருக்கும்போதே தாகமா இருக்குன்னு ஆறு தடவை என்னைத் தண்ணி கொண்டு வரச் சொன்னாரு."

"ஆறு தடவையா?" என்றார் முதல்வர்.

"ஆறு தடவைங்க. மூணு டம்ளர் குடிக்கவே இல்ல."

முதல்வர் சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "அப்போ என் புத்தகத்துக்கு மூலகாரணமே நீங்கதானா அம்மா!" என்றார்.

அடுத்த வருஷம் புது வேதாகமம் வந்தது. மொழிபெயர்த்தோர் பட்டியலில் பத்தாவது வரியில் அத்தான் பெயர், நேரே 'பைண்டர்' என்று. அந்த வரியை மட்டும் ஒரு அளவு பெரிய எழுத்தில் கோத்தவன் நான். நீதிபதி புரூஃபில் அதன் கீழே கோடு போட்டு, திருத்தாமல் விட்டுவிட்டார்.

முதல்வரின் புத்தகத்தை அத்தான் மூன்று நாளில் கட்டி முடித்தார். அந்த மூன்று நாளும் அக்கா பைண்டிங் அறைப் பக்கமே வரவில்லை. தண்ணீர்ப் பானையைத் தூக்கிவந்து அவர் மேஜைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். ஒரு தாள்கூடத் திரும்பி மடியவில்லை.